பழைய காரின் பிரேக் கோளாறைப் பெடலிலிருந்து கண்டறிதல்

மாருதி 800 போன்ற, முன்சக்கரங்களில் டிஸ்க்கும் (சுழலும் தட்டு) பின்சக்கரங்களில் டிரம்மும் (சுழலும் உருளைக் கூடு) கொண்ட பழைய காரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் பேடை, அதாவது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் தகடை, மாற்றிவிடுகிறார்கள். பேட் தேய்வது பல காரணங்களுள் ஒன்றுதான் என்பதால், எதையும் கழற்றுவதற்கு முன் பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும்.

இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலைப் பலமுறை மிதியுங்கள். பிறகு மிதித்த காலை எடுக்காமல் இன்ஜினை இயக்கும்போது பெடல் சற்றுக் கீழிறங்கினால், மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. ஒரே அழுத்தத்தில் மிதித்திருக்கையில் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், முதலில் குழாய்களிலும் சக்கரங்களின் உட்புறத்திலும் கசிவைத் தேடுங்கள். வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புகள் தேய்ந்திருக்க வேண்டும்.

முதல் மிதியில் ஆழமாகப் போகும் பெடல் அடுத்தடுத்த மிதியில் உயர்ந்தால், ஹேண்ட்பிரேக்கை இழுத்த நிலையிலேயே வைத்து மீண்டும் மிதித்துப் பாருங்கள். அப்போது முதல் மிதியிலேயே உயரமாக நின்றால், பின்சக்கர டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களுக்கும் உள்ள இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். உயரம் சரியாக இருந்தும் காலடியில் மெத்தென்று அமுங்கினால் பைப்பில் காற்று புகுந்திருக்கும்.

பலரும் ஏமாறுவது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்போதுதான். பிரேக் பிடிக்கையில் மட்டும் இடப்புறம் இழுத்தால், வலது முன்சக்கரம் பலமிழந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மாறாக, மிதிக்காதபோதும் இழுத்து, ஒரு முன்சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடேறினால், அங்கே பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, கீழே உறுதியான ஸ்டாண்ட் கொடுத்த பின் காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிளீடர் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியே விடும் சிறு திருகை, சற்றுத் திறவுங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே தளர்ந்தால், கோளாறு காலிப்பரில் இல்லை. பெரும்பாலும், வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றும் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கும். திறந்த பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால் பேடைத் தள்ளும் பிஸ்டனோ காலிப்பர் நகர உதவும் சிலைடு பின்னோ துருவேறிச் சிக்கியிருக்கிறது. இந்தச் சிறிய சோதனையைச் செய்யாமல் நல்ல காலிப்பரைத் தூக்கி எறிவது வீண் செலவு.

நீண்ட மலையிறக்கத்தில் மட்டும் பெடல் தளர்ந்தால் பிரேக் ஆயிலைச் சந்தேகியுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது; ஈரம் ஏறினால் பிரேக்கின் சூட்டில் எளிதில் கொதித்து ஆவியாகி, பெடல் தளரும். பிரேக் ஆயிலில் டாட் 3 என்ற தரவகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140 பாகை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள், ஏனெனில் அது ரப்பர் பாகங்கள் அனைத்தையும் ஊதிப்போகச் செய்துவிடும்.