ஒளிந்துகொள்ளும் கினி பன்றியை ஒளியவிடுங்கள்

வளர்க்க முடியாமல் விட்டுப்போகும் கினி பன்றிகளை (பெயரில்தான் பன்றி, எலி வகையைச் சேர்ந்த சின்னப் பிராணி) வாங்கித் தேற்றி, வேறு வீடு பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். கொடுத்த மறுநாளே போன் வந்துவிடும். "அக்கா, எப்பப் பார்த்தாலும் மூலையிலேயே கிடக்குது, வெளியே வரவே மாட்டேங்குது." கேட்கிறவர் போன் செய்வதற்கு முன்பே அதற்கு ஏதோ ஒரு வைத்தியமும் செய்து முடித்திருப்பார். பெரும்பாலும் அந்த வைத்தியம்தான் தொந்தரவு. நாய்க்குப் பக்கத்தில் விடக் கூடாது, பிஸ்கட் போடக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு, புதிதாக வளர்ப்பவர்கள் விடாமல் செய்கிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

வந்த அன்றே குளிப்பாட்டுவது

வேண்டாம். அழுக்கு ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் அந்த இடத்தை மட்டும் துடையுங்கள்.

ஒளியும் பெட்டியை எடுத்துவிடுவது

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒளிய இடம் இருப்பதால்தான் ஒளிகிறது, அந்த இடத்தை எடுத்துவிட்டால் வேறு வழியில்லாமல் நம்மோடு பழகிவிடும் என்கிற யோசனை இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. விற்கிற கடைக்காரர் சொல்கிறார், நாய் வளர்த்த மாமா சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்கிறார்.

கினி பன்றியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பெரு, பொலிவியா பக்கம் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் இதை வளர்த்துவருகிறார்கள். இதன் காட்டு உறவினங்கள் உயரமான புல்லுக்குள் பாதை போட்டு வாழ்பவை. மேலே வல்லூறு, கீழே நரி. கடித்துத் தப்பிக்கும் பல்லும் இல்லை, கீறும் நகமும் இல்லை. மறைவுக்குள் ஓடுவது, ஓட முடியாவிட்டால் அசையாமல் உறைந்துபோவது, இந்த இரண்டுதான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. பெட்டியை எடுத்தால் முதல் வழி அடைபட்டுவிடும். மிச்சம் இருப்பது உறைந்துபோவது. அதைத்தான் நம் ஆட்கள் "சமத்து" என்கிறார்கள்.

ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தேன். நல்ல மனிதர்கள்தான். ஆறாவது படிக்கும் பையன், நண்பர்களுக்குக் காட்ட ஆசை. யாரோ சொன்னார்கள் என்று அட்டைப்பெட்டியை எடுத்துவிட்டு, கூண்டை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் டீப்பாய் மேல் வைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு வீடியோ வந்தது. பையன் மடியில் அது உட்கார்ந்திருக்கிறது. "பாருங்கக்கா, எவ்வளவு சமத்தா இருக்கு!" வீடியோவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண் விரிந்திருந்தது, உடம்பு தட்டையாகப் பதிந்திருந்தது, வாய்க்குப் பக்கத்தில் இருந்த கொத்தமல்லியை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. சமையலறை எடை மெஷினில் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். என்னிடமிருந்து போகும்போது 780 கிராம். இப்போது 690. புழுக்கையும் சின்னதாகி, குறைந்திருந்தது. வெட்டவெளியில் தின்னப் பயந்து, பகலெல்லாம் உறைந்து கிடந்ததில் குடல் ஓட்டம் மந்தமாகிவிட்டது. மருத்துவர், ஊசி இல்லாத சிரிஞ்சில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கூழ் ஊட்டுவது, ராத்திரி கண்விழிப்பு என்று ஒரு வாரம் போனது. பிழைத்துக்கொண்டது. செலவு கூண்டின் விலையைப்போலப் பல மடங்கு. எல்லாம் சும்மா கிடைத்த ஓர் அட்டைப்பெட்டியை எடுத்ததால்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒளிய இடம் பக்கத்திலேயே இருக்கிற கினி பன்றிதான் சீக்கிரம் வெளியே வரும். ஒரு நொடியில் உள்ளே ஓடிவிடலாம் என்று தெரிந்தால்தான் அதற்குத் தைரியம். எனவே பெட்டியைக் கூட்டுங்கள், குறைக்காதீர்கள். ஆளுக்கு ஒன்று, உபரியாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் இருந்தால் ஒன்று உள்ளே இருக்கும்போது இன்னொன்று வழியை மறித்துக்கொண்டு நிற்கும், சண்டை வரும். பார்சல் வந்த அட்டைப்பெட்டி போதும். டேப்பையும் ஸ்டேப்ளர் பின்னையும் மட்டும் உரித்துவிடுங்கள். கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும், ஆட்கள் நடக்கும் வழியில் வேண்டாம், மிக்சி சத்தம் எட்டாத இடமாகப் பாருங்கள். முதல் சில நாட்கள் கூண்டின் பாதியைப் பழைய பருத்தித் துணியால் மூடிவையுங்கள். புல்லைப் பெட்டியின் வாசலிலேயே போடுங்கள், பாதி உடம்பு உள்ளே இருக்கும்போதே தின்னட்டும். சுத்தம் செய்யும்போது எல்லாத் துணியையும் ஒரேயடியாக மாற்றாமல் பழைய துணி ஒன்றை விட்டுவையுங்கள். அதன் வாசனை அதற்குத் தெரிந்த வாசனை.

மேலிருந்து கை நீட்டிப் பிடிப்பது

மேலிருந்து வருகிற கை அதற்குப் பருந்துதான். தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில், அதன் மட்டத்திலேயே கையை வைத்து ஒரு கொத்தமல்லித் தண்டை நீட்டுங்கள். வாங்காவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கூப்பிட்டுக் கொடுத்தால் சில வாரங்களில் பிளாஸ்டிக் கவர் சலசலத்தாலே வீல் வீலென்று கத்த ஆரம்பிக்கும். தூக்கியே ஆக வேண்டுமென்றால் துரத்தாதீர்கள். சின்னப் பெட்டிக்குள் போகவிட்டுப் பெட்டியோடு தூக்குங்கள். கையால் எடுக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பின்பக்கத்துக்குக் கீழே. குழந்தைகள் தரையில் உட்கார்ந்துதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சோபா உயரத்திலிருந்து விழுந்தாலே கால் முறியலாம்.

"பசித்தால் தானே தின்னும்" என்று விடுவது

நாய்க்கு வேண்டுமானால் ஓரளவு சரி. கினி பன்றிக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வராமல் இருப்பது கூச்சம், தின்னாமல் இருப்பது நோய். அரை நாள் எதையும் தொடவில்லை என்றாலே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், மறுநாள் வரை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் இருக்கும்போது தின்னாமல் ராத்திரியில் தின்கிறதா என்று அறிய, காலையில் புழுக்கையைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் எடை போடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பைக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைக்குக் கொடுக்கிற அந்த மருந்து இதன் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

புல்லுக்குப் பதில் கேரட்

கேரட் தின்பண்டம், உணவு இல்லை. டிமோத்தி ஹே என்று கடையில் விற்கிற உலர்ந்த புல்லின் விலை கட்டுப்படியாகாவிட்டால், பூச்சிமருந்து படாத இடத்து அருகம்புல்லைக் கழுவிப் போடலாம். வைக்கோலில் சத்து இல்லை, கீழே விரிக்க வைத்துக்கொள்ளுங்கள். குதிரை மசாலில் கால்சியம் அதிகம், குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் மட்டும் கொடுங்கள். நம்மைப்போலவே இதன் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுங்கள், அவ்வப்போது கொஞ்சம் கொய்யா.

சக்கரம், உருளும் பந்து

வெள்ளெலிக்குச் செய்தது. இதன் முதுகெலும்பு தாங்காது.

ஒன்றை மட்டும் வளர்ப்பது

இது கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினி பன்றியைத் தனியாக வளர்ப்பதற்கே சட்டம் இடம் தருவதில்லை. பயந்த ஒன்றுக்கு நீங்கள் எவ்வளவு நேரம் செலவிட்டாலும், துணிச்சலான இன்னொன்று பெட்டியை விட்டு வெளியே வந்து காட்டுவதற்கு ஈடாகாது. முயலைத் துணைக்கு விடாதீர்கள், அது உதைத்துவிடும், உணவும் வேறு. புதிதாக வாங்குவதை இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்து, நோய் ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே சேருங்கள்.

"ரெண்டும் பொண்ணுதான்" என்று கடையில் சொல்வதை நம்பிச் சேர்த்துவிடாதீர்கள். ஆண் குட்டி மூன்று வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் 59 முதல் 72 நாள், குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடியும் சினையாகலாம். என்னிடம் வந்து சேர்வதில் பாதி இப்படிப் பிறந்தவைதான். முதல் நாளே மருத்துவரிடம் காட்டி எது ஆண், எது பெண் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், அதுவரை தனித்தனிக் கூண்டு.