எம்.ஜி.பி. காரை வீட்டில் புதுப்பிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் நான் வசிக்கும் பகுதியில் எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி கராஜில் நிறுத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல தேர்வுதான். 1962 முதல் 1980 வரை அபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார், உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு காலத்தில் நான் அடித்த அதே கூத்தை இவர்களும் வரிசை தவறாமல் அடிக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. கழற்றுமுன் படம் எடுங்கள், திருகுகளைத் தனித்தனிப் பையில் போடுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இருபக்க ஸில்களையும் சேர்த்து வெட்டுவது

கதவுக்கு அடியில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஓடும் நீளத் தகடுதான் ஸில். அதை அலங்காரப் பட்டை என்று நினைப்பவர்களே அதிகம். எம்.ஜி.பி.க்குத் தனியாகச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியே சேஸிஸ். ரோட்ஸ்டர் வகையில் கூரையும் இல்லை. ஆகவே முன்பாதியும் பின்பாதியும் வளையாமல் நிற்பது பெரும்பாலும் இந்த ஸில்களாலும் தரையின் நடுவில் நீளமாக மேடு போல ஓடும் டனலாலும்தான். வெளித்தகடு, உள்தகடு, இடையே நிற்கும் தகடு, அடியில் மடித்த பட்டை எல்லாம் சேர்ந்தால்தான் அதற்கு வலு.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் துருவைக் கண்டு பொறுக்காமல் ஒரே வார இறுதியில் இருபுறமும் வெட்டி எடுத்துவிட்டார். கதவுகளை முன்பே கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். வண்டி முன்னும் பின்னும் ஸ்டாண்டில் நின்றது. கதவு வாசலில் குறுக்கே ஒரு கம்பிகூட இல்லை. நடுப்பகுதி சற்றே இறங்கியது. பார்த்தால் தெரியாது. அந்த நிலையிலேயே புதிய ஸில்களை அழகாக, உண்மையிலேயே அழகாக, வெல்டிங் செய்து பெயின்ட்டும் அடித்துவிட்டார். பிறகு கதவை மாட்டினால் மேல்மூலை கதவுக்குப் பின்னாலுள்ள தூணில் இடிக்கிறது. என்ன செய்தார் தெரியுமா? கதவின் விளிம்பைக் கிரைண்டரில் தேய்த்தார்! இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பாடி கோணிக் கிடக்க, ஒரு பாவமும் அறியாத கதவுக்குத் தண்டனை.

திருத்துவதென்றால் புதிய ஸில்களை மறுபடி வெட்டி, பாடியை ஜாக்கியால் ஏற்றி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் புதிய பாடியே செய்து விற்கிறதே என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அதன் விலைக்கு ஓடும் நிலையில் இன்னொரு எம்.ஜி.பி. வாங்கிவிடலாம்.

செய்யும் முறை இதுதான். கதவு மாட்டியபடி இருக்கட்டும். சுற்றிலும் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பாருங்கள். உட்புறத்திலிருந்து கதவின் கீல் இருக்கும் தூணையும் பூட்டு விழும் தூணையும் சதுரக் குழாயால் இணைத்து இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுதாக முடியும்வரை மறுபக்கத்தைத் தொடாதீர்கள். புதிய தகட்டை முதலில் கிளாம்பில் பிடித்துக் கதவை மூடிப் பாருங்கள். பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக வெல்டிங் பொட்டு வையுங்கள். ஒரே இடத்தில் சூடேறினால் தகடு இழுத்துக்கொள்ளும். பொட்டு வைத்த பின்னும் கதவை மூடிப் பாருங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வெளி ஸில்லின் முனைகள் மட்கார்டுகளுக்குள் புகுந்திருக்கும். முன் மட்கார்டு போல்ட்டில் கழலும். பின்னதன் அடிப்பகுதியை வெட்டத்தான் வேண்டும். அதற்குச் சோம்பி, பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்திவிடுவார்கள். 40 வயது கடந்த, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 முதல் பிரிட்டனில் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே கண்டுபிடித்துக் கேட்கவும் ஆளில்லை. வாங்கும்போது தரைக்கம்பளத்தைத் தூக்கி உள்தகட்டைப் பாருங்கள்.

எர்த் பார்க்காமல் பேட்டரி மாட்டுவது

பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைகிறதோ அதுதான் எர்த். 1967 வரை வந்த கார்களில் பாசிட்டிவ்தான் எர்த்.

கம்பிச் சக்கர ஹப்களை இடம் மாற்றுவது

சக்கரம் வந்து மாட்டும் நடுப்பாகம்தான் ஹப். அதில் இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர். மாற்றிப் போட்டால் ஓட ஓட சக்கரத்தைப் பிடிக்கும் நட்டு கழலும்.

எஸ்.யு. கார்ப்பரேட்டர் பிஸ்டன்களைக் கலப்பது

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர்கள் இதில் இரண்டு. இரண்டின் பிஸ்டன்களையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவாதீர்கள். ஒவ்வொரு பிஸ்டனும் அதனதன் மூடிக்கென்றே பொருத்தப்பட்டது. மாறிப்போனால் சிக்கிச் சிக்கி நிற்கும். நீங்கள் இக்னிஷனைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

பம்பருக்குக் குரோம் பூச்சு

முதல் மாதமே வேண்டாம். வெல்டிங்குக்குப் பணம் போதாமல் போகும்.