வன்னியிலிருந்து வானியற்பியல் படிக்கப் போவது எப்படி? வெளிநாட்டில் ஒரு வருடத்தோடு

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதப்போகிற, அல்லது எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். "வானியல் படிக்க ஆசை" என்று சொன்னால் வீட்டில் எல்லாரும் கொஞ்சம் பயப்படுவார்கள். பாதை தெரியாததால் வரும் பயம் அது. பாதை இருக்கிறது. பட்டத்தின் பெயரைத் தேடி அலையாமல் பௌதிகத்தையும் கணிதத்தையும் இறுக்கிப் பிடியுங்கள். படிப்பின் ஒரு பகுதியாக வெளிநாட்டில் படிக்கும் வருடத்தைத் தெரிவுசெய்யும்போது ஊரின் அழகைப் பார்க்காமல், அங்கே என்ன தொலைநோக்கி, என்ன ஆய்வு என்று பாருங்கள். கீழே வருவதெல்லாம் இதன் விரிவுதான்.

படி 1: பாடங்கள்

இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். உயிரியல் பிரிவில் போய்விட்டுப் பிறகு மாறலாம் என்று நினைக்க வேண்டாம், கணிதம் இல்லாமல் இந்தக் கதவு திறக்காது. பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். அதனால் தமிழில் படித்து முடித்த அலகை இப்போதே ஆங்கிலத்திலும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

படி 2: உங்கள் வானத்தைப் பழகுங்கள்

இதில் வன்னிப் பிள்ளைக்குக் கிடைத்திருப்பது பெரிய வாய்ப்பு. நாம் ஏறக்குறைய 9 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறோம். வட வானமும் தென் வானத்தின் பெரும்பகுதியும் நமக்குத் தெரியும்.

மே மாத நடுவில், நிலவு இல்லாத இரவு ஒன்பது மணிபோல, இரணைமடுக் குளக்கட்டில் பெரியவர் ஒருவரோடு நின்று தெற்கே பாருங்கள். கையை நீட்டி முஷ்டியைப் பொத்தினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்தில் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். இன்னும் ஒரு முஷ்டி மேலே, சற்று இடப்பக்கம், மங்கலாகப் பஞ்சுபோல ஒரு புள்ளி தெரிந்தால் அது ஒமேகா சென்டோரி, பல இலட்சம் விண்மீன்கள் சேர்ந்த கோளக் கொத்து. இங்கிலாந்தில் படிக்கும் மாணவருக்கு இவை இரண்டும் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. வடக்கே திரும்பினால் துருவ விண்மீன் ஒரு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும். அந்தக் கோணம்தான் உங்கள் அகலக்கோடு. மன்செஸ்டரில் அதுவே ஐந்து முஷ்டிக்கு மேல்.

வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் இலவசம். பார்த்ததை ஒரு கொப்பியில் திகதி, நேரம், முகில் நிலை என்று எழுதி வையுங்கள். விண்ணப்பக் கடிதத்தில் "சின்ன வயதிலிருந்தே விண்மீன்கள் பிடிக்கும்" என்று எழுதுவதைவிட இந்தக் கொப்பி பல மடங்கு பேசும்.

படி 3: எந்தப் பாதை?

முதலாவது, இங்கேயே பௌதிகவியல் சிறப்புப் பட்டம். யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கம்பஸ்களில் நான்கு வருடம், கட்டணம் இல்லை. பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கும் 5 வீத அனுமதி இடங்களில் நம்முடைய நான்கு மாவட்டங்களும் அடங்கும், ஆகவே பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசற் (Z) புள்ளியைப் பார்த்து உடனே மனம் தளர வேண்டாம். மொரட்டுவை, கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது; இறுதி வருட ஆய்வுக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டு வருடம் பட்டத்துக்குப் பிறகு வரும். எராஸ்மஸ் முண்டுஸ் என்ற ஐரோப்பியக் கூட்டு முதுமாணியில் இரண்டு வருடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கலாம். புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் தருவார்கள்.

இரண்டாவது, இங்கிலாந்து போன்ற நாட்டில் "வெளிநாட்டில் ஒரு வருடத்துடன் வானியற்பியல்" என்றே இருக்கும் நான்கு வருடப் பட்டம். பெரும்பாலும் முதல் இரண்டு வருடம் சொந்தப் பல்கலைக்கழகத்தில், மூன்றாவது வருடம் வேறு நாட்டில், நான்காவது வருடம் திரும்பி வந்து ஆய்வு.

காணி விற்று இரண்டாவது பாதையில் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். முழுப் புலமைப்பரிசில் இல்லையென்றால் முதல் பாதைதான் நல்லது. ஆய்வாளராக வருவதற்கு அது எந்தக் குறையும் இல்லை.

படி 4: உண்மைத் தரவில் கைவையுங்கள்

விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் மூன்றாவது தரவுத் தொகுதி 2022 ஜூனில் வெளியானது, யாரும் இலவசமாக எடுக்கலாம். நமக்குத் தெரிந்த கார்த்திகைக் கொத்தில் தொடங்குங்கள். கையா காப்பகத்தின் தேடலில் 'பிளையடிஸ்' என்ற அதன் ஆங்கிலப் பெயரைக் கொடுத்து, சுற்றிலும் 1 பாகை எடுங்கள். இடமாறு கோணம் என்பது பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோலத் தெரியும் சிறு கோணம்; தூரம் கூடக் கூட அது குறையும். அது 7 முதல் 7.8 மில்லிவிகலை (ஒரு மில்லிவிகலை ஒரு பாகையின் 36 இலட்சத்தில் ஒரு பங்கு) வரை உள்ள விண்மீன்களை மட்டும் வடிகட்டி எடுங்கள். கொத்தின் சராசரி 7.4 அளவில் வரும். 1000ஐ 7.4ஆல் வகுத்தால் தூரம் 135 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு), அதாவது சுமார் 440 ஒளியாண்டு.

பிறகு ஒவ்வொரு விண்மீனின் நிறத்தைக் கிடை அச்சிலும் பிரகாச எண்ணை நிலைக்குத்து அச்சிலும் போட்டு வரையுங்கள். பிரகாச எண் குறையக் குறைய விண்மீன் ஒளி கூடியது என்பதால் நிலைக்குத்து அச்சைத் தலைகீழாக்க வேண்டும். மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கம் நோக்கி ஒரு கோடு சரிந்து வரும். நீலமானவை மேலே, சிவந்தவை கீழே. வானியல் புத்தகங்களில் வரும் முதன்மைத் தொடர், அதாவது பெரும்பாலான விண்மீன்கள் விழும் அந்தக் கோடு, உங்கள் கையாலேயே வந்துவிட்டது! கணினி இருந்தால் பைதனில் செய்யுங்கள், இல்லாவிட்டால் எக்ஸெல் போதும். இந்தத் துறையில் நாளாந்த வேலையே இதுதான். இதில் சலிப்பு வந்தால் வேறு துறையை யோசியுங்கள். உற்சாகம் வந்தால் தயங்காமல் போங்கள்.

படி 5: அந்த ஒரு வருடத்தைத் துருவிப் பாருங்கள்

விளம்பரத்தில் கடற்கரைப் படம் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. முதல் இரண்டு வருடத்தில் எத்தனை புள்ளி எடுத்தால் அனுப்புவார்கள்? (பல இடங்களில் 60 வீதம் அளவில் கேட்பார்கள்.) அங்கே எடுக்கும் புள்ளி இறுதித் தரத்தில் சேருமா? வெளிநாட்டு மாணவர் அந்த வருடம் எவ்வளவு கட்டணம் கட்ட வேண்டும்? விரிவுரை எந்த மொழியில்? அந்த நாட்டுக்குத் தனி விசா வேண்டும், அதற்கிடையில் முதல் நாட்டு விசா என்ன ஆகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அவுஸ்திரேலியா கிடைத்தால் நான் அதைத்தான் சொல்வேன். சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தில் 3.9 மீற்றர் தொலைநோக்கி இருக்கிறது, மகெல்லன் முகில்கள் என்ற நம் அயல் விண்மீன் மண்டலங்கள் வானில் நல்ல உயரத்தில் வரும், பாடமும் ஆங்கிலத்தில்.

படி 6: காசும் கடதாசியும்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இங்கிலாந்து மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். அதுவும் உங்கள் கணக்கில் அல்லது அம்மா அப்பாவின் கணக்கில். கனடாவில் இருக்கும் சித்தப்பா தன் கணக்கில் எவ்வளவு வைத்திருந்தாலும் அது செல்லாது. உதவுவதாக இருந்தால் நேரகாலத்தோடு உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். அம்மா அப்பாவின் கணக்கைக் காட்டினால் உங்கள் பிறப்புச் சான்றிதழும் அவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

இடப்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் இப்போதே விண்ணப்பித்து எடுங்கள். அம்மா அப்பாவின் பெயர் அதில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்தம் முடியும்வரை கடவுச்சீட்டுக்குப் போக வேண்டாம். திருத்தம் கைக்கு வந்ததும் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்வியுங்கள், கடவுச்சீட்டுக்கு வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.