ஹான்பரி தெரு மரண விசாரணை: டாக்டர் சாட்சியத்தில் பலரும் சறுக்கும் இடங்கள்

லண்டன் ஒயிட்சேப்பல் கொலைகளை (ஜாக் தி ரிப்பர் கொலைகள்) பற்றி எழுதுகிறவர்கள், மரண விசாரணையில் டாக்டர் சொன்ன முடிவை எடுத்துக்கொள்வார்கள். கூடவே அவர் சொன்ன 'ஆனால்' காணாமல் போய்விடும். அந்த வரிசையில் கொல்லப்பட்ட ஆனி சாப்மன் வழக்கில் இது அடிக்கடி நடக்கிறது.

1888 செப்டம்பர் 8, காலை 6 மணிக்குச் சற்று முன், ஹான்பரி தெரு 29-ஆம் எண் வீட்டுக் கொல்லையில் அவர் உடல் கிடந்தது. 6.30 வாக்கில் வந்த போலீஸ் மருத்துவர் ஜார்ஜ் பிலிப்ஸ், இறந்து குறைந்தது இரண்டு மணி நேரம், அநேகமாக அதற்கும் மேல் ஆகியிருக்கும் என்றார். உடனே, 'சரி, 4.30-க்கு முன்பே கொலை' என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அவர் அதோடு நிறுத்தவில்லை. காலை குளிராக இருந்தது, ரத்தம் நிறைய வெளியேறியிருந்தது, அதனால் உடல் சீக்கிரம் சில்லிட்டிருக்கலாம் என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தை வெட்டிவிட்டால் மற்ற சாட்சிகள் எல்லாரும் பொய்யர்கள் ஆகிவிடுவார்கள். ஜான் ரிச்சர்ட்சன் 4.45 வாக்கில் அதே கொல்லைப் படியில் உட்கார்ந்து, காலைக் கடித்த பூட்ஸிலிருந்து தோலைச் சீவினார். உடல் எதுவும் இல்லை என்றார். எலிசபெத் லாங் 5.30-க்கு அந்த வீட்டருகே சாப்மனைப் பார்த்ததாகச் சொன்னார். மரண விசாரணையை நடத்திய அதிகாரியான கொரோனர் வின் பாக்ஸ்டரே தொகுப்புரையில், இந்தச் சாட்சிகள் சொன்னது சரியென்றால் குளிர், ரத்த இழப்பு விஷயத்தில் டாக்டரின் கணிப்பு தவறியிருக்கிறது என்றார். எனக்கும் சாட்சிகள் பக்கம்தான் சாய்வு.

'கொலையாளிக்கு உடற்கூறு அறிவு இருந்தது' என்று பிலிப்ஸ் சொன்னதை 'கொலையாளி ஒரு டாக்டர்' என்று மாற்றுவது அடுத்த தவறு. இதே வரிசைக் கொலைகளை ஆராய்ந்த டாக்டர் தாமஸ் பாண்ட், கொலையாளிக்கு கசாப்புக்காரனுக்கு உள்ள அறிவுகூட இல்லை என்று எழுதினார். அதே வரிசையில் கொல்லப்பட்ட கேத்தரின் எடோஸ் வழக்கிலோ, ஒரே உடலைப் பார்த்த டாக்டர்கள் கார்டன் பிரவுனும் செக்வைராவும் ஒரே விசாரணையில் இந்த விஷயத்தில் ஒத்துப்போகவில்லை.

பத்திரிகைச் செய்தியை முழு சாட்சியம் என்று நம்புவது இன்னொன்று. வயிற்றுக் காயங்களைச் சொல்ல பிலிப்ஸ் தயங்கினார், கொரோனர் விடவில்லை. செப்டம்பர் 19 அன்று பெண்களையும் சிறுவர்களையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் சொல்ல வைத்தார். நாளிதழ்கள் அதை அச்சிடவில்லை. சில விவரங்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. இந்த விசாரணையின் மூல ஆவணமும் மிஞ்சவில்லை. ஆகவே ஒரே ஒரு நாளிதழை நம்பாமல், நாலைந்தை அருகருகே வைத்துப் படியுங்கள்.

அப்புறம், பிரேதப் பரிசோதனை தொட்டுக் கலைக்காத உடலில் நடந்தது என்று எண்ண வேண்டாம். பிலிப்ஸ் பிணவறைக்குப் போவதற்குள் ஏழைகள் விடுதியிலிருந்து வந்த பெண்கள் ஆடையைக் களைந்து உடலைக் கழுவியிருந்தார்கள். பிணவறை என்பதும் வெறும் கொட்டகைதான். இப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்யச் சொல்வதா என்று அவர் விசாரணையிலேயே கண்டித்தார், கொரோனரும் ஆமோதித்தார்.