உருமாறும் வைரஸைப் பிசிஆர் பிரைமர்கள் தவறவிடுகின்றனவா? தொடக்கநிலையினருக்கான செய்முறை

பிசிஆர் சோதனை வைரஸ் மரபணுவின் ஒரு பகுதியைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறிகிறது; அப்பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டும் குறுந்தொடர்களே பிரைமர்கள். அவை வடிவமைக்கப்பட்ட நாளில் கிடைத்த மரபணுத்தொடர்களுக்குத்தான் உறுதியாகப் பொருந்தும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தப் பொருத்தத்தை அவ்வப்போது சோதித்தாக வேண்டும். இங்கே கோவிட்-19 நோயை உண்டாக்கும் சார்ஸ்-கோவ்-2 வைரஸை எடுத்துக்கொள்வோம்.

முதலில், முன்னோக்குப் பிரைமர், பின்னோக்குப் பிரைமர், புரோப் (இரண்டுக்கும் இடையே ஒட்டி, ஒளிர்ந்து காட்டும் குறுந்தொடர்) ஆகிய மூன்றின் எழுத்து வரிசைகளையும் 5' முனையிலிருந்து (இழையின் தொடக்க முனை; மறுமுனை 3') எழுதிக்கொள்ளுங்கள். பின்னோக்குப் பிரைமரைத் தலைகீழாக்கி, இணை எழுத்துகளாக (ஏ-க்கு டி, ஜி-க்கு சி) மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். இல்லையெனில் அது எந்தத் தொடரிலும் பொருந்தாது.

அடுத்து, மரபணுத்தொடர்களைச் சேமித்து வைக்கும் அமெரிக்க மையமான என்சிபிஐயின் வைரஸ் தளத்திலிருந்து அண்மைய மூன்று மாதத் தொடர்களை மட்டும் இறக்குங்கள். 2020 முதல் சேர்ந்தவை அனைத்தையும் கலந்தால், பழைய தொடர்களின் பெருக்கத்தில் இன்று பரவும் திரிபின் பொருத்தமின்மை கண்ணில் படாமலே போய்விடும்.

பின்னர் தொடர்களை ஒப்பிடும் நெக்ஸ்ட்கிளேட் இணையக் கருவியில், ஒப்பீட்டு அடிப்படையாகக் கொள்ளப்படும் 29,903 எழுத்துகள் கொண்ட வூகான் மேற்கோள் தொடருடன் அவற்றை வரிசைப்படுத்தி, பிரைமர் ஒட்டும் பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்து, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை தொடர்கள் மாறுபடுகின்றன என்று எண்ணுங்கள். அப்பகுதியில் 'என்' (N) என்ற எழுத்து இருந்தால் அங்கே வாசிப்பு தெளிவில்லை என்று பொருள். அத்தகைய தொடரைப் பொருத்தமாகவும் கொள்ளாமல், பிழையாகவும் கொள்ளாமல் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது மாற்றம் விழுந்த இடம். சீன நோய்த் தடுப்பு மையத்தின் என்-மரபணு முன்னோக்குப் பிரைமர் 'ஜிஜிஜி' என்று தொடங்குகிறது. 2020-இலேயே பரவலான திரிபுகளில் அவ்விடம் 'ஏஏசி' ஆகிவிட்டது. மூன்று எழுத்துகள் தவறினாலும் அவை 5' முனையில் இருப்பதால், நொதி நீட்டத் தொடங்கும் 3' முனை ஒட்டியே இருக்கிறது. அதே பிழைகள் 3' முனையின் கடைசி ஐந்து எழுத்துகளுக்குள் விழுந்திருந்தால் நான் அந்தப் பிரைமரை உடனே ஐயத்துக்குரியதாகக் குறிப்பேன்.

நீக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். ஆல்ஃபா திரிபின் எஸ்-மரபணுவில் 69, 70-ஆம் அமினோ அமிலங்களுக்குரிய ஆறு எழுத்துகள் இல்லாமற்போனதால், மூன்று இலக்குகளைத் தேடும் டேக்பாத் என்ற பிசிஆர் சோதனையில் எஸ் இலக்கு மட்டும் தவறியது. மற்ற இரண்டு இலக்குகளும் தொற்றைக் காட்டின. ஆகவே தீர்ப்பைத் தனித்தனிப் பிரைமருக்கு வழங்காமல் முழுச் சோதனைக்கும் வழங்குங்கள்.

ஐயத்துக்குரியவற்றை ஆய்வகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். பழைய தொடரும் புதிய தொடரும் கொண்ட செயற்கை ஆர்என்ஏக்களைப் பத்து மடங்கு படிகளில் நீர்த்து, ஒரே அளவில் இரண்டின் சிடி மதிப்புகளையும் (வைரஸ் புலப்படும் வரை ஆகும் பெருக்கச் சுழற்சிகளின் எண்ணிக்கை) ஒப்பிடுங்கள். முழுத் திறனுடன் நடக்கும் வினையில் பத்து மடங்கு வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 3.3 சுழற்சிகள் ஆகும் என்பதால், புதிய தொடர் அவ்வளவு தாமதமானால், குறைந்த வைரஸ் அளவுள்ள மாதிரிகள் தவறிப்போக வாய்ப்புண்டு. அந்நிலையில் பிரைமரை மாற்றியமைக்கத் தொடங்கலாம்.