தக்லமகான்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டுப்பாதைக்கு வரைபடம் போடுகிற பலர், மேற்கே காஷ்கர் ஊரிலிருந்து கிழக்கே துன்ஹுவாங் ஊருக்கு ஒரே கோடாக இழுத்துவிடுகிறார்கள். அந்தக் கோடு மேற்குச் சீனாவின் தக்லமகான் பாலைவனத்தின் நட்டநடுவே போகும். வணிகக் கூட்டங்கள் அப்படிப் போகவில்லை. சுமார் 3,37,000 சதுர கிலோமீட்டர் மணல் அது. வடக்கே தியான்ஷான், தெற்கே குன்லுன், மேற்கே பாமிர். அந்த மலைகளின் பனி உருகி வரும் ஆறுகள் மணலில் தொலைவதற்கு முன் எங்கெல்லாம் பயிருக்குத் தண்ணீர் தந்தனவோ, அங்கெல்லாம் ஊர் வந்தது. ஊரைத் தொட்டுத் தொட்டுத்தான் பாதையும். வடக்கு ஓரத்தில் குச்சா, அக்சு; தெற்கு ஓரத்தில் நியா, கோத்தான், யார்க்கண்ட். இரண்டு வழியும் காஷ்கரில் சேரும்.

சரி, குறுக்கே யாருமே போனதில்லையா? அப்படி எழுதினாலும் தப்பு. 400ஆம் ஆண்டை ஒட்டிச் சீன பௌத்தத் துறவி பாகியான் வடக்கு ஓரத்திலிருந்து கோத்தானுக்குக் குறுக்கே நடந்தார். 35 நாள் ஆனது. துறவி துணிந்தார் என்பதற்காகச் சரக்கோடு வருகிறவன் துணிவானா?

கோபிப் பாலைவனமும் இதுவும் ஒன்றல்ல; கோபி கிழக்கே இருக்கிறது. குளிர்காலத்தில் தக்லமகானில் பூஜ்யத்துக்கும் கீழே 20 டிகிரி வரை போகும். ஆகவே படம் போடுகிறவர்கள் அரபு நாட்டு ஒற்றைத் திமில் ஒட்டகத்தைப் போடவேண்டாம். இங்கே சுமந்தது இரட்டைத் திமில்.

பட்டு மட்டுமே போனது என்பது இன்னொரு வழக்கமான பிழை. கோத்தான் ஆற்றுப்படுகையின் ஜேடு கல் கிழக்கே சீனாவுக்குப் போனது. இந்தியாவிலிருந்து பௌத்தம் போனது, கூடவே எழுத்தும். நியாவில் 1901இல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் தோண்டியெடுத்த மரப்பலகைகளைப் பாருங்கள்: ஆப்பு வடிவில் இரண்டு பலகைகள், முகத்தோடு முகம் வைத்து, நூலால் கட்டி, மேலே குழியில் களிமண் முத்திரை. உள்ளே பிராகிருத மொழி, கரோஷ்டி எழுத்து. விஷயம் என்னவென்றால் நிலத் தகராறு, ஒட்டகத் தகராறு! சில முத்திரைகளில் கிரேக்கத் தெய்வம் அதீனா.

நியாவை ஒரே இரவில் மணற்புயல் விழுங்கியது என்று எழுதாதீர்கள். ஊர் கைவிடப்பட்டது, மணல் பிறகு வந்தது.

இந்தப் பாலைவனம் இருக்கும் தாரிம் படுகையில் கிடைத்த, காய்ந்து கெடாமல் இருந்த பழைய உடல்களை, அதாவது தாரிம் மம்மிகளை, 'ஐரோப்பியர்' என்று சொல்லும் பழைய கட்டுரைகளிடமும் ஜாக்கிரதை. மிகப் பழைய மம்மிகள் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. அவர்கள் அந்தப் பகுதியின் தொல்குடியினர் என்று 2021இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது.