“அவன் கேட்டானா?”: பெண்ணிய நோக்கில் ஒரு கதையை வாசிக்கவும் விவாதிக்கவும் தொடங்குவது எப்படி

பெண்ணிய நோக்கில் வாசிப்பது என்றதும், கோட்பாட்டு நூல்களையெல்லாம் முதலில் படித்துத் தேறியிருக்க வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. ஒரு சிறுகதை, ஒரு பென்சில், உடன் வாசிக்க நான்கைந்து பேர், ஒரு மாலைப்பொழுது ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். கதையில் வரும் பெண்ணை யாருடைய கண் பார்க்கிறது, அவளுக்கு எந்தச் சொற்கள் கொடுக்கப்படுகின்றன, எங்கே பேசுகிறாள், எங்கே வாய் அடைத்துப்போகிறாள் என்று வரிக்கு வரி கேட்டுக்கொண்டே போவதுதான் இந்த வாசிப்பு.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் முதலில் கொடுக்கும் கதை, புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’. 1943-இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்தது. அவருடைய படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் எளிதில் கிடைக்கும். அகலிகையின் கதை பெரும்பாலோருக்கு ஓரளவு தெரியும் என்பதால், ‘என்ன நடந்தது’ என்பதிலிருந்து ‘எப்படிச் சொல்லப்பட்டது’ என்பதற்கு விரைவில் நகர முடிகிறது. கீழே உள்ள படிகளையும் அந்தக் கதையை வைத்தே விளக்குகிறேன்.

முதல் படி: கதையைக் கதையாகப் படியுங்கள்

முதல் வாசிப்பில் பென்சிலை எடுக்காதீர்கள். கணவன் கோதமனின் உருவில் வந்த இந்திரனால் சாபத்துக்கு ஆளாகிக் கல்லாய்க் கிடந்த அகலிகை, இராமனின் பாதத் தூசி பட்டு உயிர்பெறுகிறாள். புற்றுக்குள் இருந்த கோதமனும் எழுகிறான். இருவரும் மறுபடி இல்லறம் தொடங்குகிறார்கள். வனவாசம் முடிந்து திரும்பிய சீதை, தான் தீயில் இறங்கியதை அகலிகையிடம் சொல்கிறாள். இறுதியில் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இதைப் படித்து முடித்ததும் மனத்தில் எந்த இடம் உறுத்துகிறதோ, அதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: உடல் வர்ணனைகளை அடிக்கோடிடுங்கள்

இப்போது பென்சிலை எடுக்கலாம். யாருடைய உடல் வர்ணிக்கப்படுகிறது, அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்பதை மட்டும் தேடுங்கள். இந்தக் கதை சாலையோரத்துக் கற்சிலையுடன் தொடங்குகிறது. அகலிகை இன்னும் மூச்சு விடக்கூட இல்லை. அதற்குள் அவள் ஒரு ‘மோகன வடிவம்’ ஆகிவிடுகிறாள். வழிப்போக்கரின் தளர்ந்த தசைகளிலும் துள்ளல் ஏற்படுத்தும் அழகு என்று வர்ணனை நீளுகிறது. அதன் பிறகுதான் அந்தச் சிலையின் கண்களில் உள்ள சோகம் நம் பார்வைக்கு வருகிறது.

பெண்ணின் பக்கம் நின்று எழுதப்பட்டதாக நாம் கொண்டாடும் கதையிலும் முதல் பார்வை அவள் உடலின் மீதுதான் விழுகிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அதற்காக எழுத்தாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஒரு சிற்பி தன் கனவையெல்லாம் கல்லில் வடித்தது போன்ற உருவம் என்றும் அதே வர்ணனை சொல்கிறது. அப்படியானால், ஆணின் கனவுக்குள் அடைபட்டு நிற்பவள் அகலிகை என்பதைக் கதையே அறிந்துதான் சொல்கிறதா? எங்கள் வட்டத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. இரண்டுக்கும் கதையில் சான்று இருக்கிறது. எனக்கு முதல் வாசிப்பில் எரிச்சலூட்டிய இந்தப் பத்தி, இறுதியில் அவள் மீண்டும் சிலையாவதைப் படித்த பிறகு வேறாகத் தெரிந்தது.

மூன்றாம் படி: விகுதிகளைக் கவனியுங்கள்

தமிழில் வாசிப்பவர்களின் கையில் இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது. ‘வந்தார்’, ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினைமுற்றிலேயே மரியாதையையும் உரிமையையும் ஏற்றத்தாழ்வையும் ஏற்றிச் சொல்லும் மொழி நம்முடையது. ஒரு நூலில் யாருக்கு ‘ஆர்’ விகுதி வருகிறது, யாருக்கு ‘ஆன்’, யாருக்கு ‘ஆள்’ என்று தாளில் மூன்று பத்திகளாகப் பிரித்துக் குறித்து வாருங்கள். கணவன் ‘அவர்’ ஆகவும் மனைவி ‘அவள்’ ஆகவும் இருப்பதை இத்தனை ஆண்டுகளாக எப்படி உறுத்தலே இல்லாமல் படித்து வந்தோம் என்று வியப்பாக இருக்கும்.

‘சாப விமோசன’த்தின் உச்சமே ஒரு விகுதி மாற்றத்தில்தான் இருக்கிறது. சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை, “அவர் கேட்டாரா? நீ ஏன் செய்தாய்?” என்கிறாள். “அவர் கேட்டார், நான் செய்தேன்” என்று சீதை அமைதியாகச் சொல்கிறாள். அடுத்த வரியில் அகலிகை கத்துகிறாள்: “அவன் கேட்டானா?”

சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் இந்தப் பகுதியை ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் உரக்க வாசித்தார். நல்ல கணீரென்ற குரல். அந்த வரி வந்ததும் “அவர் கேட்டாரா?” என்றே மறுபடியும் படித்துவிட்டு மேலே போனார். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி, “டீச்சர், அங்க ‘அவன்’னு போட்டிருக்கு” என்று வரியின் மீது விரலை வைத்துக் காட்டினார். ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு, அந்த வரியை வாய்க்குள் படித்துப் பார்த்தார். “முப்பது வருஷம் கம்பராமாயணம் நடத்தியிருக்கேன்மா. நாக்கு வரலை” என்றார். அதன் பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, அச்சில் இருந்தபடியே அந்த வரியை வாசித்தார். அன்று வேறு எதையும் நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் தாயார் ஒரு நாளும் கணவர் பெயரைச் சொன்னதில்லை என்பதிலிருந்து, வங்கிப் படிவத்தில் பெயரை எழுதிக் காட்டியது வரை, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு மொழியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே, முக்கியமான பகுதிகளை வாய்விட்டு வாசியுங்கள். கண் தாண்டிச் செல்வதை நாக்கு தடுத்து நிறுத்தும்.

நான்காம் படி: பேசாத இடங்களைக் குறியுங்கள்

உயிர்பெற்ற அகலிகையிடம் கோதமன் அன்பாகத்தான் நடந்துகொள்கிறான். ஆயினும், சாதாரண வார்த்தை ஒன்றைச் சொல்லவும் அவள் அதை மனத்துக்குள் பல தடவை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறாள். அவன் இயல்பாகச் சொல்வதிலும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று பதைக்கிறாள். மன்னிக்கப்பட்டவளாக வாழ்வதன் நெருக்கடி இதுதான். உரையாடல் எங்கே நின்றுபோகிறது, அவள் நினைத்தும் சொல்லாமல் விட்டது எது என்று பக்க ஓரத்தில் எழுதுங்கள். தொடக்கத்தில் மூன்று இடங்கள் கிடைத்தாலே போதும்.

ஐந்தாம் படி: முந்தைய வடிவங்களுடன் ஒப்பிடுங்கள்

வான்மீகியில் அகலிகை வந்திருப்பவன் இந்திரன் என்று அறிந்தே இசைகிறாள். அங்கே அவள் கல்லாவதும் இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடக்கும்படி சபிக்கப்படுகிறாள். கம்பனில் அவள் கல்லாகிறாள். வந்தவன் யார் என்று உணர்ந்த பின்னும் விலகவில்லை என்று சொல்லும் அதே காப்பியம், பிறகு விசுவாமித்திரர் வாயால் ‘நெஞ்சினால் பிழைப்பு இலாள்’ என்று அவளை விடுவிக்கிறது. புதுமைப்பித்தன் அவளை அறியாமல் ஏமாற்றப்பட்டவளாக ஆக்குகிறார். இந்த மூன்றையும் அருகருகே வைத்ததும் ஒரு கேள்வி எழும்: அகலிகைக்கு நம் இரக்கம் கிடைக்க வேண்டுமானால் அவளுக்கு விருப்பமே இருந்திருக்கக் கூடாதா? இந்தக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். இதற்கு ஒரு முழுக் கூட்டத்தையே ஒதுக்கலாம்.

ஆறாம் படி: கதைக்குள் வராத பெண்ணைத் தேடுங்கள்

இக்கதையின் பெண்கள் முனிவரின் மனைவியும் அரசகுலப் பெண்களும் ஆவர். அவர்களுக்கு நெல் குத்தியவர்களும் துணி வெளுத்தவர்களும் எங்கே? பெண் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாப் பெண்களும் அடங்கிவிடுவதில்லை. இதை உணர, 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ நூலை அடுத்த வாசிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். சாதி எப்படி ஒரு சிறுமியின் பள்ளி, தேவாலயம், வயல் என எல்லா இடத்துக்கும் உடன் வருகிறது என்பதைப் படித்த பிறகு, ‘பெண்களின் நிலை’ என்று பொதுவாகப் பேசுவது கடினமாகிவிடும். அந்தக் கடினம் நல்லது.

ஏழாம் படி: கூடி விவாதியுங்கள்

ஆறு முதல் பத்துப் பேர் வரை இருந்தால் எல்லோரும் பேச முடியும். எங்கள் வட்டத்தில் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: கருத்தைச் சொல்லும் முன் அதற்குரிய வரியை வாசிக்க வேண்டும். இந்த ஒரு விதியே பேச்சைப் பக்கத்து வீட்டு வழக்குக்கும் பொதுவான உபதேசத்துக்கும் போகவிடாமல் காக்கிறது. முதல் சுற்றில் ஒருவர் பேசி முடிக்கும் வரை யாரும் குறுக்கிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் கூடுதலாக இருக்கும் கூட்டத்திலும், வந்திருக்கும் ஒன்றிரண்டு ஆண்களே பாதி நேரம் பேசிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தேநீர் போட எழுந்து போவது யார் என்பதையும் கவனித்து, முறை வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படிக்குப் போனவரின் கருத்தைக் கேட்காமலே ஒரு கதையை முடித்த நாளும் எங்களுக்கு உண்டு.

“அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது” என்று எப்படியும் ஒருவர் சொல்வார். அதை ஒதுக்கிவிடாமல், அந்தக் காலத்துக்குள்ளேயே போய்ப் பாருங்கள். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்து எழுதிய நாவல் 1936-இல் அச்சாகியிருந்தது. அந்தக் காலம் ஒரே குரலில் பேசவில்லை. அதற்குள் எந்தக் குரலை இந்தக் கதை கேட்டது, எதைக் கேட்கவில்லை என்று விவாதத்தைத் திருப்பலாம்.

கூட்டத்தை முடிக்கும்போது தீர்ப்பு எழுத முயலாதீர்கள். “உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா?” என்று சீதை மெதுவாகச் சிரிக்கிறாள், “உலகம் எது?” என்று அகலிகை கேட்கிறாள். சீதையின் அந்தச் சிரிப்பு கசப்பா, களைப்பா, உறுதியா என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அடுத்த கூட்டத்தை அந்தத் தாள்களிலிருந்தே தொடங்கலாம்.

தனியே செய்து பார்க்க ஒரு பயிற்சி

அதே எழுத்தாளர் 1934-இல் எழுதிய ‘பொன்னகரம்’ சில பக்கங்களே கொண்ட கதை. மில் கூலியான அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி வார்ப்பதற்காக ஓர் இரவில் ஒரு சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கற்பு கற்பு என்று பேசுபவர்களை நோக்கி, “இதுதான் ஐயா, பொன்னகரம்!” என்று கதை முடிகிறது. மேலே சொன்ன படிகளை வைத்து இதை இரண்டு முறை வாசியுங்கள். முதலில், அந்தச் சந்தில் அம்மாளு பேசும் சொற்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு, கடைசி வரியில் உள்ள ‘ஐயா’ என்ற விளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த வரியை எழுதியவர் தமக்கு எதிரே யார் உட்கார்ந்திருப்பதாக நினைத்தார் என்றும், அதைப் படிக்கும் பெண் எந்த இடத்தில் நின்று கேட்கிறாள் என்றும் அரைப்பக்கம் எழுதிக் கொண்டு வாருங்கள்.